பழைய லாரி ஏன் கிளம்ப மறுக்கிறது?

டீசல் லாரியின் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பெட்ரோல் வண்டியில் பல ஆயிரம் வோல்ட் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கும். டீசல் எஞ்சினிலோ சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூடே அந்த வேலையைச் செய்கிறது. அப்படியானால் சாவியைத் திருப்பும்போது பேட்டரி எதற்கு? 'செல்ஃப்' எனப்படும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றத்தான். 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய அசோக் லேலண்டின் பழைய லாரிகளும், டாடாவின் பழைய லாரிகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையோரத்தில் சரக்கோடு இரவெல்லாம் காத்து நிற்கும் அப்படியொரு வண்டி காலையில் கிளம்பாவிட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: செல்ஃப் சுற்றுகிறதா?

சுற்றவே இல்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். விளக்கு மங்கி அணைந்தால் பேட்டரியோ அதன் இணைப்போ பலவீனம். விளக்கு கொஞ்சமும் மங்காமல் வண்டி மௌனமாக இருந்தால் மின்சாரம் மோட்டாரை எட்டவே இல்லை. சாவி சுவிட்ச், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சொலினாய்டு, வயர் என்று தேட வேண்டும். 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிட்டால் சொலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் அதன் முனைகள் கரிந்திருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

நிறைய பேர் ஏமாறும் இடம், செல்ஃப் மெதுவாகச் சுற்றுவது. 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பது லாரி வழக்கம். முழு சார்ஜில் இரண்டும் சேர்ந்து சுமார் 25 வோல்ட் காட்டும். மோட்டார் சுற்றும்போது பல நூறு ஆம்பியர் பாய்கிறது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி ஓமில் நூறில் ஒரு பங்கு தடையைத்தான் தருகிறது என்று வைத்துக்கொண்டாலும், 400 ஆம்பியருக்கு அங்கேயே 4 வோல்ட் போய்விடும். புது பேட்டரி வாங்கியும் தீராத கோளாறுகளில் ஒரு பகுதி இப்படிப்பட்டதே. எர்த் பட்டையையும் மறக்கக் கூடாது: எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், சேஸிஸுக்கும் அதற்கும் நடுவே மின்சாரம் திரும்பிவர அந்தப் பட்டைதான் வழி.

மெதுவாகச் சுற்றினால் எஞ்சின் ஏன் பிடிக்காது? 30 டிகிரி செல்சியஸ் காற்றை 17-இல் ஒரு பங்காக, வெப்பம் சிறிதும் வெளியேறாமல் அழுத்தினால், கணக்கின்படி அது 650 டிகிரியைத் தாண்டும். டீசல் தானாகத் தீப்பிடிக்க 250 டிகிரிக்குள் போதும். ஆனால் பிஸ்டன் தயங்கித் தயங்கி ஏறினால் சூடு சிலிண்டர் சுவருக்குள் இறங்கிவிடுகிறது, காற்றும் ரிங் இடுக்குகளில் கசிகிறது. ரிங் தேய்ந்த பழைய எஞ்சினில் இந்த இழப்பு இன்னும் அதிகம். ஆகவே நல்ல வேகத்தில் சுற்றவைத்துப் பார்க்காமல் 'கம்ப்ரஷன் போச்சு' என்று எஞ்சினைக் கழற்றுவது அவசரம்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் சைலன்ஸரைப் பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை; கம்ப்ரஷன், டீசலைப் பீய்ச்சும் நாசில், பம்ப் டைமிங் என்று சந்தேகம் நகரும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் கறுப்புப் புகை வரலாம்.

புகையில்லாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப்பர். அதன் கேபிள் துருவேறி, நிறுத்திய நிலையிலேயே மாட்டிக்கொண்டால் பம்ப் டீசலை அனுப்பாது; ஒரு சொட்டு எண்ணெயில் தீரக்கூடிய விஷயம். அடுத்தது 'ஏர் லாக்'. டேங்க் வற்றும்வரை ஓட்டிய வண்டியிலும், டீசல் ஃபில்டர் மாற்றிய வண்டியிலும், குழாய் இணைப்பில் வாஷர் தேய்ந்த வண்டியிலும் பம்புக்குள் காற்று புகும். காற்று அழுத்தினால் சுருங்கிவிடும், டீசல் சுருங்காது. பம்ப் எவ்வளவு தள்ளினாலும் குமிழிதான் நசுங்கும், நாசில் திறக்கத் தேவையான அழுத்தம் எழாது. ஃபில்டரின் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வழியும்வரை கை பம்பை அடிக்க வேண்டும். பிறகு பம்பிலும், தேவைப்பட்டால் நாசில் குழாயிலும் இதையே செய்யலாம். உயர் அழுத்தக் குழாய் இணைப்பின் அருகே விரலை வைக்கக் கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கிளம்பாத வண்டிக்குத்தான் கம்ப்ரஷன் கேஜ். ஈதர் ஸ்பிரே அடித்துக் கிளப்புவது சிலரின் பழக்கம். அது தப்பான நேரத்தில் வெடித்து ரிங்கையோ பிஸ்டனையோ உடைத்துவிடலாம்.

ஒரகடத்தில் 2012-இல் திறக்கப்பட்ட டெய்ம்லர் ஆலையிலிருந்து இன்று வெளிவரும் பாரத்பென்ஸ் லாரிகளுக்கு இந்தக் குறிப்புகள் பாதிதான் பொருந்தும். அங்கே எந்த நொடியில் டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. எஞ்சினின் சுழற்சியை அதற்குச் சொல்லும் கிராங்க் சென்சார் செத்தால் செல்ஃப் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நாசில் திறக்காது. அந்த வண்டிக்கு ஸ்கேனர் வேண்டும்.