விரலிடுக்கில் ஒரு மஞ்சள் தடிப்பு

ஐந்தாறு பிராயத்துக் குழந்தையின் முழங்கையிலும் முழங்காலிலும் குதிகாலுக்கு மேலேயும், நோவோ அரிப்போ இன்றி மஞ்சள் நிறத் தடிப்புகள் எழும்போது, அவற்றை மரு என்று கருதிச் சுட்டும் அறுத்தும் அகற்றிவிட்டு, அத்துடன் விஷயம் தீர்ந்ததென்று நிம்மதி கொள்பவர்கள் உண்டு. ஆனால் அதே மஞ்சள், கைவிரல்களின் இடுக்கிலும் தட்டையாகப் படர்ந்திருக்கக் கண்டால், அனுபவம் மிக்க வைத்தியர் தோலை விடுத்து ரத்தத்தைச் சோதிக்கச் சொல்வார். ஏனெனில் அவ்விடத்துத் தடிப்பு ஏறக்குறைய ஒரே வியாதிக்குரிய விசேஷ லக்ஷணம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு வரும் பரம்பரைக் கொழுப்பு நோய் அது. சுமார் 3 லட்சம் பேரில் ஒருவருக்கே நேர்வதெனினும், ஒரு பக்கத்துப் பழுதை மட்டும் சுமப்போர் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவராக நம்மிடையே நடமாடுகிறார்கள். ஆகவே மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொள்ளும் குடும்பங்கள் இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

தடிப்புக்கும் மிகைக் கொலஸ்டிராலுக்கும் இருதய நோய்க்கும் உள்ள குடும்பத் தொடர்பை 1938-இல் நார்வே நாட்டு வைத்தியர் கார்ல் முல்லர் எடுத்துரைத்தார். காரணம் புலப்பட்டதோ அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், அதுவும் தோலின் வாயிலாகவே! நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த உயிரணுக்களை வளர்த்து ஆராய்ந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும், ரத்தத்திலுள்ள எல்.டி.எல். கொலஸ்டிராலைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் அவற்றில் இல்லாமையைக் கண்டறிந்து, 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். உள்ளே செல்ல வழியற்ற அக்கொழுப்பு, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமையும் கடந்து பெருகித் தோலில் படிவதோடு நில்லாமல், மகாதமனியின் அடியிலும் இருதயத்தின் குழாய்களிலும் படிந்து, இருபது வயதுக்கு முன்பே மாரடைப்பை விளைவிக்கக்கூடும்.

கொலஸ்டிராலைக் குறைக்கத் தரப்படும் ஸ்டாட்டின் மருந்துகள் பெரும்பாலும் அந்த ஏற்பிகளின் துணையாலேயே வேலை செய்பவை. ஏற்பிகள் அறவே இல்லாதவர்களுக்கு அம்மருந்துகளால் பயன் சொற்பம். ஆதலால் ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தத்தை வெளியெடுத்துக் கொழுப்பை வடிகட்டித் திரும்பச் செலுத்தும் சிகிச்சையும், சிலருக்குக் கல்லீரல் மாற்றும் தேவைப்படுகின்றன. 1984-இல் பிட்ஸ்பர்க் நகரில் இந்நோயுற்ற ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இருதயத்தையும் கல்லீரலையும் ஒருசேர மாற்றினார்கள்.

ஒல்லியான குழந்தைக்குக் கொழுப்புச் சோதனையா என்று நகைப்போர் நகைக்கட்டும். இத்தகைய தடிப்பைச் சுடுவதற்கு முன்னரே குழந்தைக்கும், பெற்றோருக்கும், உடன்பிறந்தோருக்கும் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்யும்படி வைத்தியரை வற்புறுத்திக் கேளுங்கள்.