அஞ்சாத உயிர்களின் தீவில் ஒரு நாள்



மனிதனைக் கண்டால் பறவை பறக்கும். விலங்கு ஓடி ஒளியும். நாமறிந்த இவ்வழக்கம் செல்லாத ஓரிடம் உண்டு. தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் கரைக்கு மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகஸ் தீவுக்கூட்டமே அது. அதன் தென்கிழக்கே, மனிதர் குடியிராத எஸ்பனோலா தீவுக்கு வாருங்கள்.

இரவெல்லாம் ஓடிய சிறு கப்பல் விடியலில் நங்கூரமிடுகிறது. சுபுஹுத் தொழுகையை முடித்துப் படகில் கரையேறுகிறீர்கள். வெண்மணலில் கடல் சிங்கங்கள் உறங்குகின்றன, குட்டிகள் பாலருந்துகின்றன. அருகே நடந்தாலும், ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் உறங்கிவிடுகின்றன.

பிற்பகலில் தீவின் மேற்கு முனை. உடும்பை ஒத்த கடல் இகுவானாக்கள் பாறைகளில் வெயில் காய்கின்றன. கடற்பாசியை மேய்ந்து வாழும் இவை, உடலில் சேரும் உப்பை மூக்கின் வழியே பீச்சி வெளியேற்றுகின்றன. ஸுப்ஹானல்லாஹ்! ஏப்ரல் முதல் டிசம்பர் வரை சென்றால் அல்பட்ராஸ் பறவைகளையும் காணலாம். சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கும் அதிகம். இங்குள்ள இனம் ஏறத்தாழ முழுவதும் இத்தீவில்தான் முட்டையிடுகிறது. ஆண்டுக்கு ஒன்றே ஒன்று.

இத்தீவின் ஆமைகளும் மனிதனுக்கு அஞ்சாதவையே. அதற்கு அவை கொடுத்த விலை பெரிது. உணவும் நீருமின்றிப் பல மாதங்கள் உயிர்வாழும் என்பதால், திமிங்கில வேட்டைக் கப்பலினர் அவற்றை உயிரோடு அள்ளிச் சென்று உணவாக்கினர். மனிதர் கொண்டுவந்த ஆடுகள் எஞ்சியவற்றின் மேய்ச்சலையும் தின்று தீர்த்தன. இறுதியில் எஸ்பனோலாவில் மிஞ்சியவை 14 ஆமைகள். பிண்டா தீவின் இனமோ, அதன் கடைசி ஆமை 2012-இல் இறந்தபோது அடியோடு அற்றுப்போயிற்று.

ஈக்வடார் அரசு 1959-இல் தேசியப் பூங்கா அமைத்தது. அந்த 14 ஆமைகளையும், அமெரிக்க விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஓர் ஆண் ஆமையையும் சேர்த்து வளர்த்தனர். 1,800-க்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிறந்தன. 2020 ஜூனில் முதிய ஆமைகள் 15-ம் தாயகம் திரும்பின.

இன்று இங்கே வழிகாட்டியின்றி நடக்க இயலாது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும், தொடக்கூடாது, ஒரு சிப்பியைக்கூட எடுத்து வரக்கூடாது.

இக்கட்டுப்பாடு நமக்குப் புதிதா? இஹ்ராமில் தரைப் பிராணியை வேட்டையாடுவது ஹராம். ஹரம் எல்லைக்குள் அதை விரட்டவும் கூடாது. புனித மண்ணில் நாம் பயின்ற அந்த ஒழுக்கம் ஊர் திரும்பியதும் மறந்துபோகலாமா? படைப்பினங்கள் யாவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

மஃரிப் வேளையில் கப்பல் புறப்படுகிறது. நீங்கள் அங்கே போகாமலும் இருக்கலாம். நாளைக் காலை உங்கள் வீட்டு முற்றத்தில் வந்தமரும் குருவியைக் கவனியுங்கள். உங்களைக் கண்டதும் அது பறக்கிறதா, இரை பொறுக்குகிறதா? உங்கள் பிள்ளைகளின் கையில் இருப்பது கல்லா, தானியமா என்பதை அது அறியும்.