நிழலை அளந்து பாருங்கள்!

மியூனிக் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் தெரியுமா? டிசம்பர் மாதம் என்றால் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். சாயங்காலம் நாலரைக்குள் மறைந்துவிடும். கடைகள் எல்லாம் பூட்டு! ஞாயிறு ஓய்வு நாள் என்று ஜெர்மனியில் 1919-லேயே அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடை, ரயில்வே ஸ்டேஷனில் சில கடைகள், முறை வைத்துத் திறக்கும் மருந்துக் கடை, அவ்வளவுதான். சனிக்கிழமை பால் வாங்க மறந்தால் மறுநாள் கடுங்காப்பிதான்.

என் மகள் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். 2023 நவம்பரில் போய் மூன்று மாதம் அவளோடு இருந்தேன். முதல் ஞாயிறன்று, ஊரிலிருந்து கொண்டுபோன காலண்டரை மாட்டலாம் என்று ஆணியும் சுத்தியலுமாகக் கிளம்பினேன். மாப்பிள்ளை பதறி ஓடி வந்தார். "அத்தை, இன்னைக்கு அடிச்சா கீழ்வீட்டுக்காரர் மேல வந்துருவார்!" காலண்டர் திங்கட்கிழமை வரை சோபாவில் படுத்திருந்தது.

என் மகளும்தான். பதினொரு மணிக்கு எழுந்தாள், ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. "உடம்பெல்லாம் வலிக்கும்மா. மாடிப்படி ஏறினா தொடை கடுக்கு" என்றாள். முப்பது வயது தாண்டவில்லை!

வாதம்தான் என்று முடிவு கட்டினேன். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாகத் தேய்த்து, வெந்நீரில் குளிக்க வைத்தேன். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பதுதான் வழக்கம். ஆபீஸ் போகிறவளுக்கு ஞாயிறை விட்டால் நாள் ஏது? அன்று நன்றாகத் தூங்கினாள். செவ்வாய்க்கிழமை வலி திரும்பி வந்தது.

'வெயில் படாத உடம்பு, அதான்' என்று அடுத்த ஞாயிறு எல்லோரையும் கிளப்பி இங்கிலீஷ் கார்டனுக்கு அழைத்துப் போனேன். 1789-ல் உண்டாக்கிய மாபெரும் பூங்கா அது. நல்ல வெயில், தரையெல்லாம் பனி. பேரன் காலடி வைத்துத் தன் நிழலை அளந்தான். "ஆச்சி, என்னைப் போல மூணு பேரு நீளம் இருக்கு!" என்று குதித்தான். நானும் சிரித்தேன். அந்தக் குழந்தை சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

இப்படியே மூன்று ஞாயிறு. வலி போகவில்லை. மாப்பிள்ளைதான் வற்புறுத்தி ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். வைட்டமின் டி 9 நானோகிராம்! 20-க்குக் குறையக் கூடாது. 'வாராவாரம் வெயிலில் நடக்கிறோமே' என்று அந்த டாக்டரம்மாவிடம் மகள் மூலமாகக் கேட்டேன். அக்டோபர் முதல் மார்ச் வரை இந்த ஊர் வெயிலில் வெளிச்சம் உண்டு, வைட்டமின் கிடையாது என்றார்.

எப்படி என்கிறீர்களா? வைட்டமின் டி உண்டாக, வெயிலில் உள்ள ஒரு வகைப் புற ஊதாக் கதிர் தோலில் பட வேண்டும். சூரியன் தாழ்வாக இருந்தால் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் சாய்வாக வருகிறது. வழியிலேயே பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும். டிசம்பர் நடுப்பகலில் பாளையங்கோட்டையில் சூரியன் 58 டிகிரி உயரத்தில் நிற்கும். மியூனிக்கில் வெறும் 18 டிகிரி! போதாததற்கு நம் மாநிறத் தோலில் உள்ள மெலனின், வெள்ளைத் தோலைவிட அதிக வெயில் கேட்கும்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாடி பார்க்கக் கற்றவள் நான். என் மகளின் நாடியையும் பிடித்துப் பார்த்தேன். இது எனக்குப் பிடிபடவில்லை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். மீன், முட்டை மஞ்சள் கரு சேர்க்கச் சொன்னார். 'எண்ணெய்க் குளியலை விட வேண்டாம், தூக்கத்துக்கு நல்லது. நடையையும் விடாதே, பகல் வெளிச்சம் மனசுக்கு வேண்டும்' என்று நான் சொன்னேன். இரண்டு மாதத்தில் தொடைக் கடுப்பு குறைந்தது.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற அம்மாக்களே, 'உடம்பு அசதியா இருக்கு' என்று போனில் சொன்னால் லேகியம் பார்சல் கட்டுவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நீங்களாக வைட்டமின் மாத்திரை வாங்கி அனுப்பவும் வேண்டாம். இந்த வைட்டமின் உடம்பில் தங்கிவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உள்ளூரில் இருப்பவர்களும் சும்மா இருக்க வேண்டாம். ஏ.சி. அறையிலேயே பகல் கழிகிற வீடுகளில் இதே குறை வருகிறது. சுலபமான அளவுகோல் ஒன்று: வெயிலில் நில்லுங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறதா? அந்த வெயிலுக்குத்தான் இந்தச் சக்தி அதிகம். கை, கால், முகத்தில் கால் மணி நேரம் படட்டும், தோல் சிவக்கவோ எரியவோ விட வேண்டாம். அதிகாலை மஞ்சள் வெயில் இதமானது, ஆனால் இந்த வேலைக்கு ஆகாது.

நான் ஊர் திரும்பிய பிறகு, ஏப்ரலில் ஒரு ஞாயிறு பிற்பகல், மகளிடமிருந்து போட்டோ வந்தது. பூங்காவில் பேரன் நிற்கிறான். பக்கத்தில் நிழல், அவன் காது உயரத்துக்கு.