மூதில் மறமும் மொழிபெயர்ப்பும்

தந்தையின் போர்த்தொழில் மகனுக்கு உரிமையாவது பழந்தமிழ்ச் சமுதாயத்தில் குடிமரபாக நிலவியதைப் புறநானூறு காட்டுகிறது. இம்மரபைப் பாடும் துறைகளுள் ஒன்று மூதின்முல்லை. ‘மூதில்’ என்பது ஈண்டுப் பழைய வீட்டைக் குறிப்பதன்று. தலைமுறைதோறும் மறம் குன்றாத குடியைக் குறிப்பது. அக்குடியில் ஆடவர்க்கேயன்றி மகளிர்க்கும் மறம் மிகுதி என்பதே இத்துறையின் பொருள் எனப் புறப்பொருள் வெண்பாமாலை வரையறுக்கிறது. இத்துறையில் அமைந்த 312, 279 ஆகிய பாடல்களில் மரபு எவ்வாறு கைமாறுகிறது என்பது மூன்று சொற்களின் பொருளைச் சார்ந்துள்ளது. புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுவதால், இவ்விடங்களில் மொழிபெயர்ப்பாளர்க்கு அதன் துணை இல்லை.

பொன்முடியாரின் 312ஆம் பாடலில் ஒரு தாய் கடமைகளைப் பகுத்துரைக்கிறாள். மகனைப் பெற்று வளர்ப்பது அவள் கடன். அவனைச் ‘சான்றோன்’ ஆக்குவது தந்தையின் கடன். கொல்லன் வேல் வடித்துத் தர, வேந்தன் தன் கடனை ஆற்ற, களிற்றை வீழ்த்தி மீள்வது மகனின் கடனாகிறது.

‘சால்’ என்னும் வினையடி நிறைதலையும் மிகுதலையும் உணர்த்தும். பிசிராந்தையாரின் 191ஆம் பாடலில் சான்றோர் அடக்கமும் கொள்கையும் உடைய பெரியோர். திருக்குறளின் ‘சான்றாண்மை’ அதிகாரமும் நற்பண்புகளின் நிறைவையே பேசுகிறது. ஆனால், பதிற்றுப்பத்தில் சேர வேந்தன் சான்றோர்க்குக் கவசம் போன்றவன் எனப் புகழப்படுமிடத்து அச்சொல் போர்வீரரைக் குறிக்கிறது. 312ஆம் பாடலில் தந்தையின் கடனை அடுத்து வேலும் வேந்தனும் களமும் வருவதால் வீரன் என்னும் பொருளே இயைபுடையது. இந்தியில் ‘சஜ்ஜன்’ எனப் பெயர்த்தால் தந்தை அளித்தது ஒழுக்கக் கல்வி மட்டுமே என்றாகும். ‘வீர்’ என்றால் நிறைவு என்னும் வேர்ப்பொருள் நழுவும்.

வேந்தனின் கடனிலோ பாடவேறுபாடு உள்ளது. ‘நன்னடை’ எனக் கொண்டால் வேந்தன் நல்குவது நல்லொழுக்கம். ‘தண்ணடை’ எனக் கொண்டால் மருதநிலத்து ஊர். பின்னதைக் கொள்ளின் குடிவழிப் படைத்தொழிலுக்கு நிலக்கொடை பொருளியல் அடிப்படையாக இருந்தமை புலனாகும்.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடலில் ஒருத்தியின் ‘தன்னை’ முன்னொரு நாள் யானையை வீழ்த்திக் களத்தில் மடிகிறான். அடுத்த போரில் கணவன் ஆநிரையைக் காத்து மாய்கிறான். இன்று போர்ப்பறை கேட்டதும் அவள் தன் ஒரே மகனுக்கு எண்ணெய் நீவி, வேல் தந்து அனுப்புகிறாள். ‘தன் ஐ’ எனப் பிரியும் அச்சொல்லுக்குத் தந்தை என்றும் தமையன் என்றும் பொருள் கொள்வர். தந்தையெனின் மூன்று தலைமுறைகள் பாடலில் அமைகின்றன, தமையனெனின் இரண்டே. ‘தன்னையர்’ என்னும் பன்மை உடன்பிறந்தாரைக் குறிக்கும் வழக்கு தமையன் என்னும் பொருளுக்குச் சார்பாகிறது. அவ்வாறு கொண்டாலும் மரபு அறுபடுவதில்லை. அது பிறந்த குடிக்கும் புகுந்த குடிக்கும் பொதுவாகி, அவள் வழியே மகனைச் சேர்கிறது.

தந்தையின் கடனெனப் பொன்முடியார் கூறியதன் எச்சத்தை, தந்தை இறந்தபின் மாசாத்தியார் காட்டும் தாய் நிறைவேற்றுகிறாள். எனவே ‘மூதில்’ என்பதைத் ‘தந்தைவழி மரபு’ என மட்டும் பெயர்ப்பது பொருந்தாது. ஆடவர் மாண்டபின் மரபைத் தொடரச் செய்தவளும், அதற்குத் தன் ஒரே மகனை விலையாகத் தந்தவளும், அப்பெயர்ப்பில் இடமின்றி மறைந்துபோவாள்.