கணவனின் கடனும் மனைவியின் காணியும்

இரணைமடுத் தண்ணீரை நம்பிக் காலபோகமும் சிறுபோகமும் செய்கிற உருத்திரபுரத்துக் குடும்பங்களுக்குக் கடன் புதிதல்ல. உரத்துக்குக் கடன், லாண்ட்மாஸ்டருக்கு லீசிங், வியாபாரம் பெருத்தால் வருமான வரி. கணவன் கட்டாமல் விட்டால் சீதனக் காணியும் போய்விடுமோ என்ற பயம் பெண்களுக்கு இருக்கிறது. அதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு.

தேசவழமை என்ற வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட வடபகுதித் தமிழரின் திருமணச் சொத்துரிமையை 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்திருக்கிறது. சீதனமாகவோ முதுசமாகவோ மனைவிக்கு வந்தது அவளுடைய தனிச்சொத்து. கணவன் பட்ட கடன் அதைத் தொடாது. அந்தக் காணியைப் பயிரிடவும் பராமரிக்கவும் பட்ட கடனும், அந்தக் காணிக்கே உரிய வரியும் மட்டும் விலக்கு. கணவனின் வியாபார வருமான வரிப் பாக்கி அந்த விலக்கில் வராது. இலங்கையில் வருமான வரியும் கணவனுக்கு வேறு, மனைவிக்கு வேறு.

இவ்வளவு காப்பையும் ஒரேயொரு கையெழுத்து அழித்துவிடும். லீசிங் படிவத்தில் கணவனின் பெயருக்குக் கீழே பிணையாளிக்கு ஓர் இடம் விட்டிருக்கும். “ஒரு கையெழுத்துத்தானே, போடுங்கோ அக்கா” என்று நீட்டுவார்கள். போட்ட கணமே அது அவளுடைய கடனும் ஆகிவிடுகிறது. கணவனின் வியாபாரத்தில் பங்காளராகப் பெயர் கொடுப்பதும் அப்படித்தான்.

கடன் முற்றியபின் கணவன் தன் சொத்தை மனைவி பெயருக்கு எழுதி வைப்பதும் காப்பாகாது. கடன்காரரை ஏய்க்க எழுதிய உறுதியை நீதிமன்றம் செல்லாததாக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ மனைவிக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்று அதே சட்டம் சொல்கிறது. இது நீங்க வேண்டிய அநீதி. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், காணாமற் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அந்த அனுமதியைக் கேட்டுப் பெறலாம். போருக்குப் பிந்திய வன்னியில் இதை அறிந்திருப்பது மிக அவசியம்.

குடியேற்றத் திட்டத்து பெர்மிட் காணிக்கு தேசவழமை அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே பொருந்தும். உங்கள் காணி எந்த வகை என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. உறுதியைப் பத்திரப்படுத்துங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள், கேட்பவர் கணவனே ஆனாலும்.