புள்ளிகளை எண்ணி வலியை அளக்க முடியாது

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மலையேறும்போது கால் மரத்துப்போய், மத்தியானத்துக்குள் உடம்பு ஓய்ந்துவிட்டால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அவர் கண்டிக்கோ கொழும்புக்கோ போய் எம்.ஆர்.ஐ. எடுத்துவந்து, மூளையில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் என்று அறிக்கை சொன்னால், "அவ்வளவுதானா?" என்ற கேள்வி லயத்திலும் எழும், மஸ்டரிலும் எழும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் அந்தக் கேள்வியே பிழை. நம் நாடுகளில் இது அரிதான நோய். அதனாலேயே தவறாகப் புரிந்துகொள்ளவும் படுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி மூளை, முண்ணாண், பார்வை நரம்பு ஆகியவற்றின் மயலின் உறையைத் தாக்குகிறது. அந்த இடங்கள் ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகின்றன. ஆனால் அந்த வெள்ளையின் மொத்த அளவுக்கும் நோயாளியின் நடமாட்டக் குறைவுக்கும் உள்ள தொடர்பு மெலிது. நெதர்லாந்தின் கதிரியக்க நிபுணர் பிரெட்ரிக் பார்கோப் 2002இல் இந்த முரணை விரிவாக அலசினார்.

புள்ளி எத்தனை என்பதைவிட எங்கே என்பதே முக்கியம். ஆளில்லாக் காட்டில் எவ்வளவு மண் சரிந்தாலும் யாருக்கும் தெரியாது. ஹட்டன் வீதியில் ஒரு லொறி மண் விழுந்தாலே பஸ் நின்றுவிடும். மூளையின் முன்பகுதியில் பெரிய புள்ளி சத்தமில்லாமல் கிடக்கலாம். சுண்டுவிரலைவிடத் தடித்திராத முண்ணாணில் சிறு புள்ளி காலையே முடக்கலாம். மூளையை மட்டும் எடுத்த ஸ்கேனில் அது முழுதாகத் தெரியாது. மூளையின் மேற்பட்டையில் உண்டாகும் சேதத்தில் பெரும்பகுதியும் வழக்கமான ஸ்கேனுக்குத் தப்பிவிடுகிறது. நரம்புகள் மாற்று வழி தேடிக்கொள்வதால் நிறையப் புள்ளிகளோடு நன்றாக நடப்பவர்களும் உண்டு. உடல் சூடேறினால் பழைய அறிகுறிகள் சற்று நேரம் தலைதூக்கும் என்பதை 1890இலேயே ஊத்தோப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் எழுதினார்; காய்ச்சலிலும் கடும் உழைப்பிலும் வரும் அந்தத் தளர்ச்சிக்குப் புதுப் புள்ளியே தேவையில்லை.

அப்படியானால் இவ்வளவு செலவழித்து ஸ்கேன் எதற்கு? நியாயமான கேள்விதான். ஸ்கேன் இன்றைய கஷ்டத்தை அளக்கும் தராசு அல்ல. நோயை உறுதிசெய்யவும் வரப்போவதை ஊகிக்கவும் உதவும் கருவி. நோயின் முதல் அறிகுறியோடு வந்தவர்களை லண்டனில் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, முதல் ஸ்கேனில் புள்ளிகள் இருந்தவர்களில் 82 வீதமானோருக்கு நோய் உறுதியானது. ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களில் 21 வீதத்தினருக்கே. அறிகுறி எதுவுமின்றி மூளையில் புதுப் புள்ளிகள் தோன்றுவது, நோய் வெளிப்படையாகத் தாக்குவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே நன்றாக இருப்பவர் ஸ்கேனைத் தட்டிக்கழிப்பதும் ஆபத்து.

மூளை ஸ்கேன் சுத்தமென்றால் நோயே இல்லையென்று வாதிடுவோருக்கு, ஆசியாவில் கவனிக்கவேண்டிய நியூரோமயலைட்டிஸ் ஆப்டிக்கா என்ற வேறொரு நோயே பதில். அதில் மூளை ஸ்கேன் தொடக்கத்தில் சாதாரணமாகவே இருக்கலாம். பார்வையோ கால்களோ போயிருக்கும். 2004இல் கண்டறியப்பட்ட ஒரு பிறபொருளெதிரியை இரத்தத்தில் தேடினால் பெரும்பாலும் அகப்படும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் சில மருந்துகள் இதை மோசமாக்கும் என்பதால், அந்தப் பரிசோதனையையும் முண்ணாண் ஸ்கேனையும் கேட்டு வாங்குவது அவசியம்.