சிக்லிட்டின் வாயைப் பாருங்கள்

காஞ்சிபுரத்துக் கோயில் குளங்களில் பொரி போட்டால் முண்டியடித்து வரும் கூட்டத்தில் ஜிலேபி மீனைத் தனியாக அடையாளம் காணலாம். முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு, பக்கத்தில் வருவதை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் வாயைத் திறக்கும். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தத் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. கொளத்தூர் கடைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் மினுக்கும் ஃப்ளவர்ஹார்ன், டிஸ்கஸ், ஆஸ்கர், ஏஞ்சல் எல்லாம் இதற்குப் பங்காளிகள்தான். மொத்தமும் சிக்லிட் குடும்பம். முரட்டுத்தனமும் குடும்பச் சொத்து.

குளத்தில் அடி வாங்கிய மீன் ஓடி ஒளிய இடமிருக்கிறது. மூன்றடித் தொட்டியில் அது எங்கே போகும்? அதனால் யாரோடு யாரை விடுவது என்பது சிக்லிட் வளர்ப்பவருக்குப் பெரிய தலைவலி. பலரும் நிறப் பொருத்தம் பார்க்கிறார்கள். வாயைப் பார்த்துச் சேர்த்தால் பாதிச் சண்டை குறையும் என்பது என் கட்சி.

சிக்லிட்டுக்குத் தாடை இரண்டு ஜோடி. முன்வாய் இரையைப் பிடிக்கும். தொண்டைக்குள் இருப்பது அதை அரைக்கும். அரைக்கும் வேலை உள்ளே போய்விட்டதால் முன்வாய் இனத்துக்கு இனம் வேறு வேறு தொழிலுக்கு மாறிக்கொண்டது. மலாவி ஏரியின் ம்புனா மீன்கள் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை, குடல் நீளமானவை. அவற்றுக்கு ஸ்பைருலினா கலந்த உணவு சரி. புழுவும் இறைச்சியுமாகத் திணித்தால் வயிறு உப்பிச் சாகின்றன என்பது வளர்ப்பவர்களின் நீண்டகாலப் புகார். ஆஸ்கர் இதற்கு நேர் எதிர்: பூச்சி, இறால், சிறு மீன் என்று வாய்க்குள் அடங்குவது எதையும் விடாது, ஓரடி நீளம் வளரும். இவை இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டு ஒரே பெல்லட்டைத் தூவினால் ஏதோ ஒன்றுக்குக் கேடுதான்.

தண்ணீரும் பொருந்த வேண்டும். ம்புனாவுக்குப் பி.எச். 7.8-க்கு மேல் உள்ள கடின நீர் பிடிக்கும். உப்பு அதிகமான போர் தண்ணீர் ஓடும் வீட்டில் டிஸ்கஸைவிட இதை வளர்ப்பது சுலபம். அமேசான்காரரான டிஸ்கஸ் மென்னீரும் 28 டிகிரிக்குக் குறையாத சூடும் கேட்கும்.

ஏஞ்சல் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ரூபாய் நாணயம் அளவில் வாங்கும்போது நியான் டெட்ராக்களோடு சமர்த்தாக நீந்தும். சில மாதம் கழித்து எண்ணினால் நியான் குறைந்திருக்கும். ஏஞ்சலின் குணம் மாறவில்லை, வாய் பெரிதாகிவிட்டது. 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட ஃப்ளவர்ஹார்னுக்குத் துணை தேடவே வேண்டாம்; அதற்குத் தனிக்குடித்தனம்தான்.

எதுவானாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கே இரை போடுங்கள். மிஞ்சியது அழுகி அம்மோனியா ஆகும். குளத்துப் பொரியையும் தொட்டிக்குள் கொண்டுவராதீர்கள்.

இந்தியாவின் சொந்தச் சிக்லிட்கள் மூன்றே இனம். அவற்றில் இரண்டு, கேரளத்தார் கரிமீன் என்றும் பல்லத்தி என்றும் அழைப்பவை, தமிழ்நாட்டுக் கழிமுகங்களிலும் உண்டு. இவற்றின் உறவு விசித்திரமானது. கரிமீனின் உடம்பிலும் துடுப்பிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைச் சின்னப் பல்லத்திகள் கொத்தித் தின்று சுத்தம் செய்யும்; பெரிய மீன் அசையாமல் உடம்பைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். வைமன், வார்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1972-இல் இதை விரிவாக எழுதினார்கள். அதே பல்லத்திதான் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் திருடித் தின்னும். இரண்டையும் சேர்த்து வளர்க்கலாம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் கரிமீன் ஜோடி முட்டை ஒட்ட ஒரு கல்லையோ கட்டையையோ வாயால் துடைக்க ஆரம்பித்ததும் பல்லத்தியை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.